நாலு மாத விடுப்பு, ஆறு மாதத் தாய்ப்பால்: வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உம்லாங்கா செல்வி

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உம்லாங்கா பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் மதுரை, கல்யாணமாகி இங்கே வந்தவள். மகளுக்கு மூன்று மாதம் முடியப் போகிறது. பிரசவத்துக்கு நாலு வாரம் முன்பே விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள், அதனால் நாலு மாத விடுப்பில் ஒரு மாதம் அப்போதே கரைந்துபோனது. அடுத்த மாதம் வேலைக்குப் போயே ஆக வேண்டும்.

இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. ஆறு மாதம்வரை இப்படியே கொண்டுபோக ஆசை. மேலாளரிடம் பால் எடுத்து வைக்க ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். "பாத்ரூம் இருக்கிறதே" என்றார். கெட்ட மனிதர் இல்லை, இதைப் பற்றி யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை போல.

வீட்டில் மாமியார், "இப்பவே பவுடர் பாலைப் பழக்கிவிடும்மா, அப்புறம் புட்டியை வாயிலேயே வைக்காது" என்கிறார். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தான், அதனால் அவர் பேச்சைத் தள்ளிவிட முடியாது.

வேலைக்குப் போனால் பால் குறையாமல் இருக்குமா? அலுவலகத்தில் நேரமும் இடமும் கேட்கச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வார்டு அக்கா

செல்வி, மூன்று மாதம் வேறெதுவும் கொடுக்காமல் வந்துவிட்டீர்கள் என்றால் பால் நன்றாக நிலைத்துவிட்டது. இனி அதைக் காப்பாற்றுவதுதான் வேலை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் பிரசவ வார்டில் பல வருடமாக இருக்கிறேன். "பால் வற்றிப்போச்சு சிஸ்டர்" என்று வரும் அம்மாக்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் ஒரே கதைதான். காலையில் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர், சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுகூட எடுத்திருக்க மாட்டார். மார்பு நிறைந்து கட்டிக்கொண்டே இருந்தால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இறைக்கிற கிணறுதான் ஊறும்.

அதனால் கிளம்பும் முன் ஒரு தடவை நேரடியாகக் கொடுங்கள். வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க முடிந்தால் நல்லது. ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். திரும்பியதும் கைகால் கழுவிவிட்டு முதல் வேலையாகப் பாப்பாவைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவுப் பாலை நிறுத்தாதீர்கள். சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் ஊறும். சனி ஞாயிறு முழுக்க நேரடிப் பால்தான்.

பம்ப் வாங்க வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கையே போதும். சோப்புப் போட்டுக் கை கழுவி, வெதுவெதுப்பான துணியை மார்பில் கொஞ்ச நேரம் வையுங்கள். கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றுசேர்த்து அமுக்கி, விடுங்கள். தோலைத் தேய்த்து இழுக்கக் கூடாது, காம்பை மட்டும் பிடித்துக் கிள்ளவும் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதோடு விட்டுவிடாதீர்கள். அப்புறம் பீய்ச்சி அடிக்கும். பாப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டால் சிலருக்குச் சட்டென்று இறங்கும். மனம் பதறினால் பால் இறங்காது. பாத்ரூமில் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இறங்கும்?

வைத்திருக்கும் கணக்கு: எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம் தாங்கும். டர்பன் கோடையில் அதை நம்பாதீர்கள், உடனே குளிரில் வையுங்கள். உறைந்த ஐஸ் கட்டிகளோடு நல்ல குளிர்பையில் 24 மணி நேரம். ஃபிரிட்ஜில் 4 நாள், கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம். ஃப்ரீசரில் 6 மாதம். உறைந்ததை இளக்கிய பிறகு ஃபிரிட்ஜில் ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் கொதித்துக் குழந்தை வாயைப் பொசுக்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் நிற்க வைத்தால் போதும்.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை குழந்தை குடிக்கும் தாய்ப்பாலின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை, நாளுக்குச் சராசரி 750 மில்லி சுற்றித்தான். நீங்கள் பத்து மணி நேரம் வெளியே இருந்தால் 300 முதல் 400 மில்லி இருந்தால் சமாளிக்கலாம். புட்டியைச் சாய்த்து வாயில் கொட்டினால் குழந்தை வேண்டியதற்கு மேலே குடிக்கும், பிறகு "இவளுக்குப் பால் பத்தலை" என்ற பேச்சு ஆரம்பிக்கும். நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாக ஈரமாக்குகிறதா, எடை ஏறுகிறதா, இதைப் பார்த்தால் போதும்.


சங்கத்துத் தம்பி

அக்கா உடம்பைச் சொல்லிவிட்டார், நான் சட்டத்தைச் சொல்கிறேன். தொழிற்சங்க வேலையில் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு.

1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், பிரிவு 25: தொடர்ந்து குறைந்தது நாலு மாத விடுப்பு. பிரசவ தேதிக்கு நாலு வாரம் முன்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். கவனியுங்கள், தொடங்கலாம் என்றுதான் இருக்கிறது. டாக்டரோ மருத்துவச்சியோ உடல்நிலை காரணமாகச் சொன்னால் தவிர, நாலு வாரம் முன்பே போயாக வேண்டும் என்று இல்லை. செல்வி அக்காவுக்கு அந்த ஒரு மாதம் போனது இப்படித்தான். கர்ப்பமாக இருக்கும் சகோதரிகள் யாராவது படித்தால், உடம்பு இடம் கொடுத்தால், தேதி நெருங்கும்வரை வேலை பார்த்துவிட்டுப் போங்கள். பிள்ளை பிறந்த பிறகு கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் பொன்.

அதே சட்டத்தின் பிரிவு 26 பலருக்குத் தெரியாது. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம்வரை, மாலை 6 முதல் காலை 6 வரையான இரவு வேலையில் இருப்பவருக்கு, முடிந்தவரை வேறு பொருத்தமான வேலை தர வேண்டும், சம்பளம் முதலிய நிபந்தனைகள் குறையக் கூடாது. கால் சென்டர் பெண்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பால் எடுக்கும் இடைவேளை 1998-இல் வந்த நன்னடத்தை விதிகளில் இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தினமும் இரண்டு தடவை, தலா 30 நிமிடம். இது சட்டப் பிரிவு இல்லை, வழிகாட்டுதல்தான். ஆனால் தகராறு என்று வந்தால் சமரச ஆணையமான சிசிஎம்ஏ-வும் தொழிலாளர் நீதிமன்றமும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவது தானாகவே நியாயமற்ற பணிநீக்கம். வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். "விதிகளின்படி தினமும் இரண்டு 30 நிமிட இடைவேளை, பூட்டக்கூடிய அறை, ஒரு நாற்காலி, ஒரு மின் இணைப்பு" என்று தெளிவாக எழுதுங்கள். நான் பார்த்தவரை எழுத்தில் வந்த கோரிக்கையை யாரும் லேசில் மறுப்பதில்லை.

பணம்: விடுப்புக் காலத்தில் சம்பளம் தர முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யுஐஎஃப்-இல் இருந்து சம்பளத்தில் 66 சதவீதம், 17.32 வாரத்துக்கு. கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 17,712 ரேண்ட், அதனால் எவ்வளவு சம்பாதித்தாலும் மாதம் ஏறக்குறைய 11,690-க்கு மேல் வராது. பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பணம் தாமதமானதால் சீக்கிரமே வேலைக்கு ஓடிவந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் காகிதங்களைப் பிரசவத்துக்கு முன்பே தயார் செய்துவையுங்கள்.


பைன்டவுன் கடைக்காரர்

எல்லாம் சரி தம்பி. நான் சின்னதாக உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன், ஆறு பேர் வேலை. அதில் ஒரு பெண் இப்போது விடுப்பில். பெரிய கம்பெனிக்குத் தனி அறை சாத்தியம். எனக்குக் கடையும் கிடங்கும்தான். தினமும் ஒரு மணி நேரம் கவுன்டரில் ஆள் இல்லை என்றால் வியாபாரம் என்ன ஆவது? அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும், நல்ல வேலைக்காரி. எதையும் மறுக்க வரவில்லை. எப்படிச் செய்வது என்றுதான் கேட்கிறேன்.


ஃபீனிக்ஸ் பேத்தி

அண்ணா, நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். என் அம்மாவிடம் அன்றைக்கு யாரும் அதைக்கூடக் கேட்கவில்லை.

அம்மா 80-களில் டர்பனில் ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்தார். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கத்து நம் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பஸ் பிடித்துப் போன காலம். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே திரும்பிப் போய்விட்டார். மெஷினை விட்டு எழுந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். பத்து மணிக்கெல்லாம் ரவிக்கை நனைந்துவிடும், உள்ளே பழைய துவாலையை மடித்து வைத்துக்கொள்வாராம். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் தொட்டியில் பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டு வருவார். வீட்டில் ஆயா எனக்குச் சர்க்கரைத் தண்ணீரும், ரூய்போஸ் டீ ஆற்றியதும் கொடுத்துச் சமாளித்தார். சில வாரத்தில் பால் நின்றுபோனது. அம்மா இன்றும் அந்தத் தொட்டியைப் பற்றித்தான் பேசுவார், கூலியைப் பற்றி அல்ல.

கடைக்கார அண்ணா, கிடங்கில் ஒரு மூலையைச் சுத்தம் செய்து, திரை ஒன்று, நாற்காலி ஒன்று, உள்ளே தாழ்ப்பாள். வேறென்ன செலவு? கவுன்டரில் கூட்டம் குறையும் நேரம் உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணிடமே உட்கார்ந்து பேசி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழகின ஆள் வேலையை விட்டுப் போய்ப் புது ஆளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது நம் எல்லோருக்கும். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களும் அம்மாக்கள்தான். நாலு மாத விடுப்பும் யுஐஎஃப்-உம் அவர்களுக்கும் உண்டு, வீட்டு வேலையாட்கள் 2003-இலிருந்தே யுஐஎஃப்-இல் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தன் கைக்குழந்தையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து நம் பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுப்பவரைப் பற்றி, இந்த மாதிரிப் பேச்சு வரும்போது யாரும் வாய் திறப்பதே இல்லை.


மிட்ரண்ட் அப்பா

அப்பாக்கள் சார்பில் நானும் கொஞ்சம். மனைவி வேலைக்குத் திரும்பிய பிறகு பகலில் பாதி நேரம் நான்தான் வீட்டிலிருந்து வேலை பார்த்தபடி பையனைக் கவனித்தேன். அவன் புட்டியைத் தொடவே மாட்டேன் என்றான். கோயம்புத்தூரில் இருந்து அத்தை குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணமான பாலாடை ஒன்று அனுப்பினார், வெள்ளி இல்லை, சாதா எவர்சில்வர். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையின் மூக்கை அவன் உதட்டில் தொட்டு, அவன் நாக்கை நீட்டி இழுக்க இழுக்கச் சாய்க்க வேண்டும். நாமாக ஊற்றக் கூடாது. முதல் நாள் பாதி என் சட்டையில். பிறகு பழகிவிட்டது. கழுவவும் சுலபம், இண்டு இடுக்கு கிடையாது. செல்வி, உங்கள் மாமியாருக்குப் பாலாடை தெரிந்திருக்கும், அதைக் கொடுத்துப் பாருங்கள். தனக்குத் தெரிந்த பொருள் கையில் வந்தால் பெரியவர்கள் மனம் மாறும்.

பம்ப் பாகங்களைக் கழுவிக் காயவைப்பது இரவில் என் வேலையாக இருந்தது. மனைவி களைத்து வந்த பிறகு அதையும் அவர் தலையில் கட்டக் கூடாது.

மின்வெட்டு: லோட்-ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது கற்றுக்கொண்டது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும், பாதிதான் நிறைந்தது என்றால் ஒரு நாள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வையுங்கள்.

2025 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் பாருங்கள். இருவரும் வேலையில் இருந்தால் நாலு மாதமும் பத்து நாளும் சேர்ந்த விடுப்பைப் பெற்றோர் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். நான் வரவேற்கிறேன். ஆனால் மொத்தம் கூடவில்லை, பிரிக்கும் உரிமைதான் வந்திருக்கிறது. பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டில் அம்மாவின் பங்கைக் குறைத்து அப்பா எடுத்துக்கொள்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.


டில் மேசைக்காரி

இத்தனை பேர் சொல்வதையும் படித்தேன். நான் சூப்பர்மார்க்கெட்டில் டில்லில், அதாவது பணம் வாங்கும் மேசையில் இருப்பவள். கழிவறை போகவே மேற்பார்வையாளர் வந்து டில்லைப் பூட்ட வேண்டும். இரண்டு டாக்ஸி மாறி வீடு போகிறேன். பம்ப் இல்லை, குளிர்பை இல்லை, மின்னஞ்சல் எழுத மேசை இல்லை. கேட்டேன், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றே மூன்று மாதம் ஓடியது. பவுடர் பால் கொடுத்தேன். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான். கிளினிக் போகும்போதெல்லாம் ஏன் நிறுத்தினாய் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். என்னை வேலைக்கு வைத்தவரை யாரும் கேட்பதில்லை.


வார்டு அக்கா

தங்கச்சி, நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். எங்கள் ஆட்களுக்கே அந்தக் குணம் உண்டு, அம்மாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது. நிறுத்த வைத்தது உங்கள் டில்தான். 2011-இல் தாய்ப்பாலை ஆதரிக்கும் டிஷ்வானே பிரகடனம் வந்து அரசு மருத்துவமனைகளில் இலவசப் பவுடர் பால் நின்றது, 2012-இல் குழந்தைப் பால் மாவு விளம்பரங்களுக்குத் தடை வந்தது. ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் 2003 கணக்கெடுப்பில் 8 சதவீதம், 2016-இல் 32. நல்ல ஏற்றம்தான். மருத்துவமனை வாசல்வரை எல்லாம் மாறிவிட்டது, அங்கிருந்து வேலையிடம் போகும் வழியில்தான் நூல் அறுந்துபோகிறது. அந்த 30 நிமிடம் சட்டப் பிரிவாகவே ஆக வேண்டும், மேற்பார்வையாளர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகையாக இருக்கக் கூடாது.

பவுடர் பால் கொடுப்பவர்கள் அதை ஒழுங்காகக் கொடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர், டப்பாவில் போட்ட அளவு. மாதக் கடைசியில் இழுத்துப் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் நேரத்தில் கொஞ்சம் தாய்ப்பால் கொடுக்க முடிந்தாலும் அது லாபம்தான்.

எச்ஐவி உள்ள அம்மாக்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் டர்பனில் பேராசிரியர் ஹூசன் கூவாடியா குழுவினர் செய்த ஆய்வு உலகத்துக்கே வழிகாட்டியது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, ஆறு மாதத்துக்குள் கூடவே திட உணவும் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று பல மடங்கு அதிகம் என்று 2007-இல் வெளியிட்டார்கள். இப்போது மாத்திரையை ஒழுங்காக எடுத்து வைரஸ் அடங்கியிருக்கும் அம்மாக்கள் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுவரை கொடுக்கலாம் என்பதுதான் இங்குள்ள வழிகாட்டுதல். மற்ற அம்மாக்களைவிட இவர்களுக்கு வேலையிடத்து இடைவேளை இன்னும் முக்கியம். ஆனால் காரணத்தைச் சொல்லிக் கேட்க முடியாமல் தவிப்பவர்களும் இவர்கள்தான்.


போர்ட் லூயி வாசகி

மொரீசியஸில் இருந்து எழுதுகிறேன். இங்கே பால் கொடுக்கும் இடைவேளை 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தினமும் இரண்டு அரை மணி நேரம், அல்லது சேர்த்து ஒரு மணி நேரம், குழந்தைக்கு ஆறு மாதம்வரை. டாக்டர் சொன்னால் அதற்கு மேலும். அந்த நேரம் வேலை நேரத்தில் கழிக்கப்படாது. நான் ஒரு மணி நேரமாகச் சேர்த்து எடுத்து, பக்கத்தில்தான் வீடு என்பதால் ஓடிப்போய் நேரடியாகவே கொடுத்துவிட்டு வந்தேன். சட்டத்தில் இருக்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை, அது ஒரு பெரிய நிம்மதி.


உம்லாங்கா செல்வி

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி மின்னஞ்சல் போட்டேன். பழைய கோப்புகள் வைத்திருக்கும் சின்ன அறையைக் காலி செய்து தருவதாக மேலாளர் பதில் எழுதியிருக்கிறார், சாவி என்னிடமே இருக்குமாம். எங்கள் மாடியில் இன்னொரு சுலு பெண்ணும் விடுப்பில் இருக்கிறாள். அவளும் அதே அறையைப் பயன்படுத்தலாம் என்று அவர் எழுதியதில் எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

மாமியார் பாலாடையைப் பார்த்ததும், "இது என் பிள்ளைக்குக் கொடுத்ததுதானே" என்று வாங்கிக்கொண்டார். பால்சுறா கிடைக்கவில்லை என்று முருங்கைக்கீரையும் பூண்டுமாக வைத்துத் தள்ளுகிறார். சாப்பிடுகிறேன்.

வார்டு அக்கா, ஒரு சந்தேகம். ஃப்ரீசரில் சேர்த்துவைத்ததை இளக்கிப் பார்த்தால் சோப்பு வாடை வருகிறது. கெட்டுப்போய்விட்டதா? கொட்ட மனமே வரவில்லை.


வார்டு அக்கா

கொட்டாதீர்கள். சிலருடைய பாலில் கொழுப்பைப் பிரிக்கும் நொதி கொஞ்சம் வேகமாக வேலை செய்யும், அந்த வாடை அதனால்தான். குழந்தைக்குக் கெடுதல் இல்லை, குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். புளித்த நாற்றம் அடித்தால் மட்டும் வேண்டாம். பாப்பா முகம் சுளித்தால், இனி எடுப்பதை உறைய வைக்கும் முன் சிறு பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் குமிழி கட்டும்வரை மட்டும் சூடாக்குங்கள், கொதிக்க விட வேண்டாம். உடனே ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி ஃப்ரீசரில் போடுங்கள். எல்லாவற்றையும் அப்படிச் செய்யத் தேவையில்லை, மறுநாளுக்கு வேண்டியதை ஃபிரிட்ஜில் அப்படியே வையுங்கள். ஒவ்வொரு பையிலும் தேதி எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள்.


பைன்டவுன் கடைக்காரர்

கிடங்கு மூலையில் திரை போட்டாயிற்று. அக்கா, அங்கே ஃபிரிட்ஜ் இல்லை. நீங்கள் சொன்ன குளிர்பை ஒன்றை நானே வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறேன், எந்த அளவு சரியாக இருக்கும்?


வார்டு அக்கா

ஆறு லிட்டர் அளவே போதும். ஐஸ் கட்டி இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒரு ஜோடி பையில் இருக்கும்போது மற்றது அந்தப் பெண் வீட்டு ஃப்ரீசரில் உறையட்டும். கை கழுவ சோப்பும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.